பழைய வழக்கும் புதிய கடப்பிதழும்

சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கியது, கடையில் கைவைத்தது, குடித்துவிட்டு லாரி ஓட்டியது என்று ஏதோ ஒன்றில் மாட்டி, தானா ராத்தா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அபராதம் கட்டிவிட்டுத் திரிங்காப் திரும்பியவருக்கு அன்றோடு கேஸ் முடிந்துவிட்டது போலத் தோன்றும். பத்து வருடம் கழித்துப் பழனிக்குப் போகலாம் என்று மகன் கைப்பேசியில் இந்திய விசா படிவத்தைத் திறப்பான். அதில் ஒரு கேள்வி: நீங்கள் எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டோ, வழக்குத் தொடரப்பட்டோ, தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா? வீடே அமைதியாகிவிடும். ஒருவர் “இல்லைன்னு போடு, யாருக்குத் தெரியப்போவுது” என்பார். இன்னொருவர் “பேர் அடிச்சிட்டான்னா எங்கேயும் போக முடியாது, விடு” என்பார்.

இரண்டுமே தவறு. குற்றப் பதிவு உள்ளவருக்கு உலகம் முழுவதும் மூடிக் கிடக்கவில்லை. ஆனால் எந்த நாடு எதைக் கேட்கிறது, எதை மன்னிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைத் தெரிந்துகொள்ள முதலில் நம் வழக்கு என்ன என்பது நமக்கே சரியாகத் தெரிய வேண்டும்.

முதல் வாசல்: மலேசியாவை விட்டுக் கிளம்ப முடியுமா?

வெளிநாட்டுப் பயணம் நமக்கு அடிப்படை உரிமை என்றுதான் பலரும் நினைக்கிறோம். மலேசியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 9ஆம் விதி நாட்டுக்குள் நடமாடும் உரிமையைத்தான் தருகிறது. லோ வாய் கோங் வழக்கில் 1979இல் கூட்டரசு நீதிமன்றம், வெளிநாடு செல்வது குடிமகனின் அடிப்படை உரிமையல்ல, கடப்பிதழ் அரசு தரும் சலுகை என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று கூறியிருந்தது. அதனால் தமிழ்நாட்டு உறவினர் சொல்லும் சட்டம் நமக்குப் பொருந்தாது.

நடைமுறையில், தண்டனையை முடித்துவிட்டவருக்குப் பழைய வழக்கு ஒன்றே பொதுவாகக் கடப்பிதழைத் தடுப்பதில்லை. தடுப்பவை வேறு. வழக்கு இன்னும் நடக்கிறது, ஜாமீன் நிபந்தனையாகக் கடப்பிதழ் நீதிமன்றத்தில் இருக்கிறது என்றால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கிளம்ப முடியாது. அனுமதி கேட்கலாம், கிடைப்பதும் உண்டு. முன்னாள் பிரதமர் நஜிப் 2020இல் உயர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருந்தபோது, மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் செல்ல 2021 அக்டோபரில் நீதிமன்றம் அவருடைய கடப்பிதழைத் தற்காலிகமாகத் திருப்பித் தந்தது. பெரிய இடத்துக்கு மட்டும் உள்ள வசதி இல்லை இது. பயணத் தேதி, காரணம், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றோடு வழக்கறிஞர் மூலம் யாரும் மனுச் செய்யலாம்.

போதைப்பொருள் உட்கொண்டதாக ஆபத்தான போதைப்பொருள் சட்டம் 1952இன் 15ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு கட்டு உண்டு. அபராதம் கட்டினாலும் சிறைக்குப் போய்வந்தாலும் அதன்பின் 2 முதல் 3 ஆண்டுகள் மேற்பார்வையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குறித்த இடங்களில் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வட்டாரத்தை விட்டுப் போகக் கூடாது. ஈப்போவுக்கு இறங்குவதற்கே அனுமதி தேவைப்படும்போது ஹாட்யாய் பயணத்துக்குச் சொல்லவே வேண்டாம். மேற்பார்வைக் காலம் முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

குற்றத்துக்குத் தொடர்பே இல்லாத தடைகளும் இருக்கின்றன. வருமான வரி பாக்கி, திவால் நிலை போன்றவை விமான நிலையத்தில் நிறுத்திவிடும். பயணத் தடை இருக்கிறதா என்பதை அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். டிக்கெட் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குடிமகன் எப்படியிருந்தாலும் தன் நாட்டுக்குத் திரும்பலாம். நிரந்தரவாசி திரும்பி வர மறுநுழைவு அனுமதி தேவை. அவர் வெளிநாட்டவர் என்பதால், தண்டனை பெற்றவரை நுழைய விடாமல் தடுக்கும் குடிநுழைவுச் சட்டப் பிரிவு அவர்மீதும் பாயலாம். வழக்கறிஞரிடம் கேட்காமல் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் வழக்கை நீங்களே படியுங்கள்

“ஏதோ கேஸ், ஏதோ ஃபைன்” என்பது போதாது. ஐந்து விவரங்கள் தேவை: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, தீர்ப்பு நாள், என்ன தண்டனை, அது எப்போது முடிந்தது. இவை நீதிமன்றப் பதிவில் இருக்கும். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து, குற்றச்சாட்டுத் தாளுக்கும் தீர்ப்புக் குறிப்புக்கும் சான்றளித்த நகல் கேட்கலாம். எண் நினைவில்லை என்றால் பெயர், அடையாள அட்டை எண், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

தீர்ப்பில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பது மிக முக்கியம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆம் பிரிவில் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டவர் சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் அவர் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவர். 173ஏ பிரிவில் விடுவிக்கப்பட்டவர்மீது தண்டனைத் தீர்ப்பே பதிவாகவில்லை. ‘தண்டிக்கப்பட்டீர்களா’ என்ற கேள்விக்கு முதலாமவர் ஆம் என்று சொல்ல வேண்டும். இரண்டாமவர் இல்லை என்று சொல்ல இடமுண்டு. ஆனால் ‘கைது செய்யப்பட்டீர்களா’ என்று கேட்டால் அவரும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் வாங்கிக் கவுண்டரில் கட்டிய சாதாரணப் போக்குவரத்து சம்மன் இந்தக் கணக்கில் வராது. குடித்துவிட்டு ஓட்டி நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டால் அது வரும்.

காலம் போனால் பதிவு தானாக அழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சிங்கப்பூரில் 2005 முதல் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், 5 ஆண்டுகள் வேறு குற்றம் செய்யாமல் இருந்தால் அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். சில கடுமையான குற்றங்களுக்கு மட்டும் இது இல்லை. மலேசியாவில் இப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. 1969ஆம் ஆண்டின் குற்றவாளிகள் பதிவுச் சட்டப்படி கைரேகையோடு போலீசாரிடம் சேர்ந்த விவரம் அங்கேயே இருக்கும்.

ஒரே வழக்கு, ஆறு நாடுகள்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். திரிங்காப் காய்கறி லாரி ஓட்டுநர் ஒருவர். 2016இல் 15ஆம் பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3,000 ரிங்கிட் அபராதம் கட்டினார். மேற்பார்வை முடிந்தது. அதன்பின் ஒரு வழக்கும் இல்லை. கற்பனை மனிதர்தான், ஆனால் சட்டங்கள் நிஜம்.

இந்தியா: இணைய விசா படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள். போதைப்பொருள் கடத்தல், ஆள்கடத்தல், பொருளாதாரக் குற்றம் பற்றித் தனிக் கேள்வி இருக்கிறது. இவர் முதல் கேள்விக்கு ஆம் என்று போட்டு விவரம் எழுத வேண்டும். கடத்தல் கேள்விக்கு இல்லை என்பதே உண்மை. உட்கொண்டது வேறு, கடத்தியது வேறு. இணையத்தில் மறுத்துவிட்டால் தூதரகத்தின் விசா வழியாக ஆவணங்களோடு மனுச் செய்து பார்க்கலாம்.

சிங்கப்பூர்: மலேசியருக்கு விசா தேவையில்லை. ஆனால் அங்குள்ள குடிநுழைவுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எந்த நாட்டிலாவது குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, முழு மன்னிப்புப் பெறாதவரை, சூழ்நிலையைப் பார்த்து விரும்பத்தகாதவர் என்று அதிகாரி கருதினால் தடுக்கலாம் என்கிறது. மலேசியச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நம் ஓட்டுநருக்கு அபராதம் மட்டும் என்பதால் இந்த வாசகம் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் உள்ளே விடுவதா என்ற முடிவு அதிகாரியுடையது. வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தால் பழைய தண்டனையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜப்பான்: விசா இல்லாமல் 90 நாள் போகலாம் என்று குழுப் பயணத்தில் பெயர் கொடுத்துவிடுவார்கள். இங்கேதான் பெரிய பள்ளம். ஜப்பானியச் சட்டப்படி ஓர் ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவருக்கு நுழைவு மறுக்கப்படும். போதைப்பொருள் சட்டத்தை மீறியதற்காக எந்த நாட்டில் தண்டிக்கப்பட்டிருந்தாலும், அபராதம் மட்டுமே என்றாலும் மறுக்கப்படும். கால எல்லை இல்லை. வருகை அட்டையில் நேராகவே கேட்கிறார்கள். இவர் டிக்கெட் வாங்கும் முன் ஜப்பான் தூதரகத்தில் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆஸ்திரேலியா: மலேசியருக்கு உள்ள மின்னணுப் பயண அனுமதி, மொத்தம் 12 மாதம் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்குக் கிடையாது. அனுபவித்த நாட்கள் கணக்கில்லை. விதிக்கப்பட்ட நாட்கள்தான் கணக்கு. நன்னடத்தைக்காக முன்னதாக விடுதலை ஆனதைச் சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய குணநலச் சோதனையில், இரண்டு தண்டனைகளை ஒரே நேரத்தில் அனுபவிக்கச் சொல்லியிருந்தாலும் இரண்டையும் கூட்டியே பார்ப்பார்கள். நம் ஓட்டுநருக்குச் சிறைத்தண்டனை இல்லாததால் இந்த வரம்பு அவரைத் தொடாது. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டன்: 2025 ஜனவரி முதல் மலேசியர்களும் முன்கூட்டியே மின்னணு அனுமதி பெற வேண்டும். 12 மாதம் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றிருந்தாலோ, எந்தத் தண்டனையானாலும் தீர்ப்பு வந்து 12 மாதம் ஆகாமல் இருந்தாலோ அது மறுக்கப்படும். 2016இன் அபராதம் இந்த இரண்டிலும் சிக்காது.

அமெரிக்கா: மலேசியருக்கு விசா கட்டாயம். மன்னிப்புப் பெற்றிருந்தாலும் கைதையும் தண்டனையையும் சொல்லச் சொல்கிறது படிவம். போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவர், அளவு எவ்வளவு சிறியதானாலும், பொதுவாகத் தகுதியற்றவர் பட்டியலில் விழுவார். ஆனால் தற்காலிகப் பயணத்துக்கு விலக்குக் கேட்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. நேர்காணலில் தூதரக அதிகாரி பரிந்துரைத்தால் அது மேலே போகும். மாதங்கள் ஆகலாம்.

ஆக, பிரிட்டனில் பெரிதாகத் தடுக்காத அதே 3,000 ரிங்கிட் அபராதம் ஜப்பானில் வாசலை அடைத்துவிடுகிறது. “எனக்குச் சின்னக் கேஸ்தான்” என்று நாமே முடிவுகட்டுவதில் பயனில்லை.

திருட்டு வழக்கும் குடிபோதை வழக்கும்

போதைப்பொருளுக்கு அடுத்து அமெரிக்கர்கள் உற்றுப் பார்ப்பது நேர்மைக் குறைவான குற்றங்களை: திருட்டு, மோசடி, ஏமாற்று. சிறு குற்றங்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே ஒரு குற்றம், விதிக்கப்பட்ட தண்டனை 6 மாதத்துக்கு மேற்படாமல், அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனை ஓர் ஆண்டுக்கு மேற்படாமல் இருந்தால் தப்பலாம். நம் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில் திருட்டுக்கு உச்சம் 7 ஆண்டு. அதனால் கடையில் எடுத்த பொருளுக்காக 500 ரிங்கிட் மட்டும் கட்டி வெளியே வந்தவரும் அந்த விதிவிலக்குக்குள் வரமாட்டார். மாஜிஸ்திரேட் என்ன விதித்தார் என்பதோடு, சட்டப் புத்தகம் எவ்வளவு விதிக்க இடம் தந்தது என்பதையும் பார்க்கிறார்கள்.

குடிபோதையில் வண்டி ஓட்டியதைப் பெரிய குற்றமாக நம் ஊரில் நினைப்பதில்லை. கனடா நினைக்கிறது. 2018 டிசம்பர் முதல் அங்கே அது 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வெளிநாட்டில் நடந்ததையும் அதே எடையில் பார்ப்பார்கள். தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் ஆனபின் திருந்தியவர் என்று ஏற்கச் சொல்லி மனுச் செய்யலாம். மலேசியாவிலும் 2020 அக்டோபர் முதல் சட்டம் இறுகிவிட்டது: முதல் முறைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டு வரை சிறை, உரிமம் பறிப்பு.

நியூசிலாந்தில் வாழ்நாளில் எப்போதாவது 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவருக்கும், கடந்த 10 ஆண்டுக்குள் 12 மாதம் அல்லது அதற்கு மேல் பெற்றவருக்கும் சிறப்பு உத்தரவு இல்லாமல் நுழைவில்லை. தாய்லாந்துக்கு 2025 மே முதல் இணைய வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் குற்றப் பதிவு பற்றிய கேள்வி இல்லையென்றாலும், சிறைத்தண்டனை பெற்றவரை மறுக்கும் பிரிவு அந்த நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் இருக்கிறது. கேட்கவில்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகாது.

“யாருக்குத் தெரியப்போவுது?”

பொய் சொன்னால் கண்டுபிடிப்பார்களா? சில சமயம் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடித்தால் விலை பழைய குற்றத்தைவிட அதிகம். பிரிட்டன் விசா மனுவில் ஏமாற்றியதாகத் தெரிந்தால் 10 ஆண்டுத் தடை. கனடாவில் 5 ஆண்டு. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்கு 3 ஆண்டு. அமெரிக்காவில் விசாவுக்காக முக்கிய உண்மையை மறைத்தால் வாழ்நாள் முழுவதும் தகுதியிழப்பு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிநுழைவுக் கைரேகைகளைத் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்கின்றன. ஒரு நாட்டில் சொன்ன பொய் இன்னொரு நாட்டில் காத்திருக்கும்.

நீண்ட காலம் தங்கவோ வேலைக்கோ படிப்புக்கோ போனால் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். மலேசியாவில் அதைத் தருவது வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா. இணையத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 20 ரிங்கிட். போலீஸ் பதிவைச் சரிபார்த்த பிறகே தருவார்கள். “ஆயிரம் வெள்ளி குடு, பேரை கிளியர் பண்ணித் தர்றேன்” என்று வரும் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவை அழிக்கும் கவுண்டர் எங்கும் கிடையாது. போலிச் சான்றிதழ் வைத்திருப்பதே புதிய குற்றம்.

உண்மையைச் சொன்னவருக்கு வழி கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. அன்வார் இப்ராஹிம் 2004 செப்டம்பரில் விடுதலையானபோது ஒரு வழக்கின் தண்டனை ரத்தானது. 1999இன் அதிகார முறைகேட்டுத் தண்டனை அப்படியே நின்றது. அந்தப் பதிவோடுதான் சில நாட்களில் முதுகு அறுவைச் சிகிச்சைக்கு ஜெர்மனியின் மியூனிக் போனார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார். அரச மன்னிப்பு 2018 மே மாதம்தான் வந்தது. அவருக்கிருந்த செல்வாக்கு நமக்கில்லைதான். ஆனால் பதிவு இருந்தால் கதவு மூடியே இருக்கும் என்பது உண்மையில்லை என்பதற்கு இது போதும்.

கோப்பில் என்ன வைப்பது?

நீதிமன்ற ஆவணத்தின் சான்றளித்த நகல், அபராத ரசீது அல்லது சிறை விடுதலைக் கடிதம், மேற்பார்வை முடிந்த கடிதம், முதலாளி தரும் வேலைக் கடிதம். மலாய் ஆவணங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் அதைச் செய்து தருகிறது. இவற்றோடு ஒரு பக்க விளக்கக் கடிதம். அதில் என்ன நடந்தது, எப்போது, என்ன தண்டனை, அதன்பின் வாழ்க்கை எப்படி, ஏன் பயணம், எப்போது திரும்புவேன் என்பது மட்டும் போதும். போலீசைத் திட்டவோ கூட்டாளிமேல் பழி போடவோ வேண்டாம். கோவிலுக்கு நன்கொடை கொடுத்த கதையும் வேண்டாம்.

நம் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வேறு கணக்கு. இந்தியாவின் 1967 கடப்பிதழ்ச் சட்டப்படி, அங்கே குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கடப்பிதழ் மறுக்கப்படலாம். மனுவுக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தாலும் மறுக்கலாம். இங்கே அனுமதியின்றி நுழைந்து தங்கிப் பிடிபட்டுத் தண்டனை பெற்றால் அதுவும் குற்றப் பதிவுதான். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. அடுத்து எந்த நாட்டுக்கு மனுச் செய்தாலும் ‘வெளியேற்றப்பட்டீர்களா’ என்ற கேள்வி வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்தச் சிக்கல்களில் பாதி, விசா படிவத்தில் தொடங்குவதில்லை. வழக்கு நாளன்று, “ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டு மத்தியானம் வேலைக்குப் போயிடலாம்” என்று யாரோ சொல்ல, பிரிவு எது என்றுகூடக் கேட்காமல் தலையாட்டுவதில் தொடங்குகிறது. கைதானவர்களுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கும் உதவ 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் வழக்கறிஞர்களை அனுப்புகிறது. கடுமையான குற்றமாக இல்லாவிட்டால், தண்டனையைப் பதிவு செய்யாமல் 173ஏ பிரிவில் விடுவிக்கச் சொல்லி அவர்களால் வாதாட முடியும். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை கூண்டில் நிற்க நேர்ந்தால், ஒப்புக்கொள்ளும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். அரை நாள் சம்பளத்தைக் காப்பாற்றப் போய் ஆயுள் முழுக்க ‘ஆம்’ என்று எழுத வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம்.